துணிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று: கத்தரிக்கோல் குறிப்புகள்

"வெட்டவே மாட்டேங்குது" என்று வீட்டில் மூலையில் போட்டு வைத்திருக்கும் கத்தரிக்கோல்களை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி தேய்ந்து கெட்டவையாக இருக்காது. காலையில் பால் பாக்கெட், மத்தியானம் பார்சல் டேப், சாயங்காலம் பிள்ளையின் சார்ட் பேப்பர், ராத்திரி பிளவுஸ் துணி என்று எல்லா வேலையையும் ஒன்றின் தலையில் கட்டியதால் பதம் போனவையாக இருக்கும். எந்த வேலைக்கு எது என்று தெரிந்து எடுத்தால் சாதாரண விலைக் கத்தரிக்கோல்கூடப் பல வருஷம் உழைக்கும். தையல் வேலையில் இருப்பவள் நான். அதனால் துணி வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

1. கத்தி அழுத்தி அறுக்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசி நழுவும்போது, இடையில் அகப்பட்டதை எதிரெதிர்த் திசையில் தள்ளித் துண்டிக்கும். அந்த உரசல் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியில்தான் நடக்கும். மூட மூட அந்தப் புள்ளி திருகிலிருந்து முனைக்கு நகரும். இதற்காகவே அலகுகளை மிக லேசாக உள்பக்கம் வளைத்துச் செய்கிறார்கள். நல்ல கத்தரிக்கோலை மூடிப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், நடுவில் மெல்லிய கோடு போல இடைவெளி தெரியும், முனைகள் ஒட்டியிருக்கும். புதிதாக வாங்கியதில் இந்த இடைவெளி இருந்தால் அது குறை இல்லை. சிலர் சுத்தியலால் தட்டி அதைச் சமப்படுத்தப் பார்க்கிறார்கள். அப்படித் தட்டியபிறகு அது துணியை வெட்டாது, கடிக்கும்.

2. கடையில் வடிவத்தைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடலாம். அலகு நீளமாகவும் கைப்பிடி அதைவிடக் குட்டையாகவும் இருந்தால் தாள், துணி போன்ற மெல்லிய பொருளை நீளமாக வெட்டுவதற்கு. கைப்பிடி நீளம், அலகு குட்டை என்றால் தகரம், குச்சி, எலும்பு போன்ற கெட்டிப் பொருளுக்கு. நெம்புகோல் கணக்குத்தான். இதே காரணத்தால், கெட்டியான எதையும் முனையில் வைத்து வெட்டாமல், திருகுக்கு அருகில் கொண்டுபோய் வெட்டுங்கள். கை வலிக்காது, அலகும் அகலாது.

3. துணி வெட்ட வாங்கும்போது, கைப்பிடி மேல்நோக்கி வளைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். மேஜைமேல் வைத்துப் பார்த்தால் கீழ் அலகு முழுக்கப் பலகையில் படிந்திருக்க, கைப்பிடி மட்டும் தூக்கி நிற்கும். கைப்பிடி நேராக உள்ளதில் ஒவ்வொரு வெட்டுக்கும் துணியைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்கினால் அடித் துணி நகரும், சாக்பீஸ் கோட்டுக்கும் வெட்டுக்கும் நூலளவு வித்தியாசம் வரும். இரண்டு மடிப்பாகப் போட்ட பிளவுஸின் முன்பாகத்தில் இந்த நூலளவுதான் தைத்தபிறகு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தெரியும்.

வீட்டுத் தையலுக்கு 8 அல்லது 9 இன்ச் போதும். 10, 12 இன்ச் எல்லாம் நாளெல்லாம் கோட்டு, பேன்ட் வெட்டும் டெய்லர்களுக்கு. பெரிய வளையத்தில் மூன்று நான்கு விரல்கள் நெருக்கடி இல்லாமல் நுழைய வேண்டும். கை சிறியதாக உள்ளவர்கள் கனமான இரும்பு, பித்தளைக் கைப்பிடிக்கு ஆசைப்படாமல் பிளாஸ்டிக் கைப்பிடி எடுக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-இல் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கைப்பிடியோடு கத்தரிக்கோலைக் கொண்டுவந்த பிறகுதான், லேசான எடையில் நன்றாக வெட்டும் கத்தரிக்கோல் உலகமெங்கும் வீடுகளுக்குள் பரவியது.

4. தையல் சாமான் கடையில் "மீரட் கத்தரிக்கோல் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்படுபவை அவை. வண்டிகளின் பழைய பட்டை வில் போன்ற கழிவு எஃகைக் காய்ச்சி அடித்து அலகாக்குகிறார்கள். பித்தளை, அலுமினியம் போன்றவற்றில் வார்த்துக் கைப்பிடி போடுகிறார்கள். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாத்தா வாங்கினால் பேரன் பயன்படுத்துவான் என்று அந்த ஊரில் ஒரு சொலவடையே உண்டு. காரணம், அவற்றைத் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம், திருகை இறுக்கலாம், மறுபடி வேலை வாங்கலாம். எண்ணெய் போடாமல் விட்டால் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. துணிக் கத்தரிக்கோலால் தாளைத் தொடவே கூடாது. இது தையல்காரர்களின் வீம்பு என்று வீட்டில் பலரும் நினைக்கிறார்கள். தாள் வழவழப்பாகவும் வெள்ளையாகவும் இருக்க அதில் களிமண், சுண்ணாம்பு வகைத் தாதுப்பொடிகளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பொடி அலகின் கூரிய விளிம்பை உரசி உரசி மழுக்கிவிடும். மழுங்கிய அலகு தாளை அப்போதும் வெட்டும். மெல்லிய துணியில்தான் குட்டு வெளிப்படும், நூலை இழுத்துக்கொண்டு நிற்கும். பேப்பர் கட்டிங் எடுப்பதற்குத் தனியாக ஒன்று வையுங்கள். துணிக்கானதின் வளையத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, "ரிப்பன் கட்டியதை யாரும் எடுக்கக் கூடாது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

6. துணியில் குத்திய குண்டூசிமேல் ஒருமுறை வெட்டினால் போதும், அலகில் பொடி அளவுக்கு ஒரு பள்ளம் விழும். அதன்பிறகு அந்த இடத்தில் எந்தத் துணியும் சிக்கும். ஊசியை வெட்டுக்கோட்டுக்கு உள்ளே தள்ளிக் குத்திப் பழகுங்கள்.

7. ஷிஃபான், ஜார்ஜெட், சாட்டின், வழுக்கும் லைனிங் துணிகளை வழவழப்பான அலகு தள்ளிக்கொண்டே போகும். விரல் நகத்தால் விளிம்பைக் குறுக்கே மெதுவாகத் தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும் நுண்பல் அலகு கிடைக்கிறது. துணியை அது பிடித்துக்கொண்டு வெட்டும். ஒன்றே ஒன்றுதான் உள்ளது என்றால், கீழே ஒரு பழைய காட்டன் புடவையை விரித்து அதன்மேல் ஷிஃபானைப் போட்டுக் குண்டூசி குத்துங்கள். காட்டன் அதை நகரவிடாது. ஜீன்ஸ், சோபா துணி, திரைச்சீலைக்குக் கனமான 10 இன்ச். அதிலும் ஒரே நேரத்தில் இரண்டு மடிப்புக்கு மேல் வேண்டாம். நாலு மடிப்பாகப் போட்டு நசுக்கினால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். அந்த விலகல் அப்புறம் சரியாவது கஷ்டம்.

8. நீளமாக வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் முனைவரை மூடாதீர்கள். முக்கால்வாசி மூடியதும் திறந்து முன்னே தள்ளுங்கள். முனைவரை மூடி மூடித் திறந்தால் வெட்டிய ஓரத்தில் படிப்படியாகச் சிறு பல் விழும். கழுத்து வளைவில் இந்தப் பல்தான் பைப்பிங் வைக்கும்போது சுருக்கமாக மாறும். வளைவு வரும் இடத்தில் கத்தரிக்கோலைத் திருப்புவதைவிட மேஜையைச் சுற்றி நீங்கள் நகருங்கள். துணி கிடந்தபடி கிடக்கட்டும்.

9. பிசிறு வெட்டுவதற்கு 4 இன்ச் சிறிய கத்தரிக்கோல் தனியாக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்து வரும் துணியின் நூலை வெட்ட, விரல் வளையமே இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் சின்ன நூல்வெட்டியை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே திறந்துகொள்ளும். திருகு கிடையாது, ஒரே பட்டையை வளைத்துச் செய்தது. கத்தரிக்கோல் வகையிலேயே மிகப் பழைய வடிவம் இதுதான். விரலை நுழைத்து எடுக்க வேண்டியதில்லை என்பதால் வேகம் கூடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இது சுலபம்.

ஆரி ஒர்க், எம்பிராய்டரி செய்பவர்களுக்கு முனை ஊசிபோலக் கூர்மையாகவும், சற்றே மேல்நோக்கி வளைந்தும் உள்ளது நல்லது. வளைந்த முனையால் துணியைக் குத்தாமல் முடிச்சுக்கு அடியிலேயே நூலை வெட்டலாம். தைத்ததைப் பிரிப்பதற்கு மட்டும் கத்தரிக்கோல் முனையை நம்ப வேண்டாம். தையல் பிரிப்பதற்கென்றே கவைபோல முனை உள்ள சிறு கருவி எல்லாத் தையல் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

10. ஜிக்ஜாக் கத்தரிக்கோல். நெசவுத் துணியின் ஓரத்தை நேராக வெட்டினால் நூல் முழு நீளத்துக்கும் கழன்று வரும். ஜிக்ஜாக்காக வெட்டினால் ஒவ்வொரு பல்லிலும் குட்டி நூல்தான் கழல முடியும். பாப்ளின், காட்டன் லைனிங்கின் உள் ஓரத்துக்கு இது போதும். தளர்வான நெசவுக்கும், தினம் துவைக்கும் யூனிஃபார்முக்கும் போதாது, அவற்றுக்கு ஓவர்லாக்தான். இந்தப் பற்களைச் சாணை பிடிப்பது எல்லோராலும் ஆகாது. எனவே பிள்ளைகளின் கைவேலைத் தாளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். அழகு ஓரம் வெட்ட அவர்களுக்கென்று மலிவான பிளாஸ்டிக் வகை தனியாக உண்டு.

11. தாளுக்கு லேசான, நேரான கைப்பிடி உள்ள 6 அல்லது 7 இன்ச் போதும். பரிசுப் பொருள் சுற்றும் தாளுக்கு மட்டும் இன்னும் நீளமான அலகு இருந்தால் வெட்டு ஒரே ஓட்டத்தில் போகும். கெட்டி அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி விரலைக் காயப்படுத்திக்கொள்ளாமல், இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டர் கத்தியால் இரண்டு மூன்று தடவை கீறி எடுங்கள்.

12. பார்சல் டேப் வெட்டிய அலகில் பசை ஒட்டி, அடுத்த நாள் அது திறக்கவே அடம்பிடிக்கும். துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் பசைமேல் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெயையும் எடுத்துவிடுங்கள். பிளேடால் சுரண்டக் கூடாது. டேப் வேலை அதிகம் உள்ள வீட்டில், ஒட்டாத பூச்சு பூசிய கறுப்பு அலகு உள்ளதை வாங்கிப் பார்சலுக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

13. பிள்ளைகளுக்கு வாங்கும்போது முனை உருண்டையாக இருக்கட்டும். ஆனால் விளிம்பு நன்றாக வெட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெட்டாத பிளாஸ்டிக் பொம்மைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுகிறோம். தாள் மடங்கும், பிள்ளை மணிக்கட்டைத் திருகும், எரிச்சலில் இழுத்துக் கிழிக்கும். கட்டைவிரல் மேலே பார்த்தபடி பிடிக்கப் பழக்குங்கள். முதலில் விரலகலத் தாள்பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்கட்டும். அது கைவந்தபிறகு கோடு, அதற்குப் பிறகு வட்டம். வெட்டும்போது தாளைப் பிடித்த கைதான் திரும்ப வேண்டும்.

14. இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளை "எனக்குக் கட்டிங் வராது" என்று சொன்னால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், கத்தரிக்கோலைப் பாருங்கள். வலது கையால் மூடும்போது, விரல்கள் தம்மை அறியாமல் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்குகின்றன. அதையே இடது கையில் பிடித்தால் அதே விரல் அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். தாள் இடையில் மடங்கும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும்.

"இரண்டு கைக்கும் ஏற்றது" என்று அட்டையில் போட்டு விற்பதில் பெரும்பாலும் வளையம் மட்டும்தான் இரண்டு கைக்கும் பொருந்தும். அலகு அமைப்பு வலதுகைக்காரர்களுக்கானது. முனை எதிரே பார்க்கும்படி பிடித்துத் திறந்து பாருங்கள். மேலே நிற்கும் அலகு வலப்பக்கம் இருந்தால் அது வலது கைக்கு. இடப்பக்கம் இருந்தால்தான் உண்மையான இடதுகைக் கத்தரிக்கோல். ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆன்லைனில் கிடைக்கிறது. தையல் கற்றுக்கொள்ள வரும் இடதுகைப் பெண்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். பல வருஷமாகத் தன் கைமேல் பழிபோட்டுக்கொண்டிருந்தவர்கள் சரியானதைக் கையில் எடுத்து ஒரு நேர்க்கோடு வெட்டியதும் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

15. அடுக்களைக்கு வாங்கும் கத்தரிக்கோல் இரண்டாகக் கழன்று வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். மீனும் கோழியும் வெட்டியபிறகு திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சதைத்துணுக்கை எந்த ஸ்கிரப்பராலும் எடுக்க முடியாது. கழற்றி, சோப்பு போட்டுச் சுடுநீரில் கழுவி, துடைத்து, காயவைத்துப் பூட்டலாம். காய்கறிக்கு ஒன்று, மீன் கறிக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் இன்னும் நல்லது.

மீனின் செட்டையையும் வாலையும் அரிவாள்மணையில் வழுக்க வழுக்க எடுப்பதைவிடக் கத்தரிக்கோலால் எடுப்பது பத்திரம். அதற்கு ஒரு அலகிலாவது பல் இருக்க வேண்டும், அப்போதுதான் ஈரமான செட்டை நழுவாது. இறாலின் முதுகு ஓட்டைத் தலைப்பக்கமிருந்து வால்வரை கீறிக் குடலை உருவ, நண்டுக் காலின் நுனியைக் களைய, கருவாட்டின் தலையும் செட்டையும் நீக்க, எல்லாவற்றுக்கும் இதுவே உதவும். சைவச் சமையலில் வெங்காயத்தாள், கொத்தமல்லித் தண்டு, காய்ந்த மிளகாய். பிள்ளையின் தட்டில் தோசை, நூடுல்ஸ். காய்ந்த மிளகாயைக் கையால் கிள்ளினால் விரல் நெடுநேரம் எரியும். கத்தரித்தால் அந்தத் தொல்லை இல்லை. திருகுக்குப் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருந்தால், கோழியின் சிறு எலும்பை அதில் வைத்து வெட்டுங்கள். ஆட்டெலும்புக்குக் கத்தரிக்கோல் வேண்டாம்.

16. பால் பாக்கெட்டின் முனையை முழுதாக நறுக்கிக் கீழே போடாதீர்கள். ஓரமாக வெட்டி, கடைசிக் கொஞ்சத்தை விட்டுவிட்டால் அந்த முக்கோணத் துணுக்கு பாக்கெட்டோடே தொங்கும். காலிப் பாக்கெட்டோடு சேர்ந்து மறுசுழற்சிக்குப் போய்விடும். தனியாக விழும் துணுக்கு பொறுக்க ஆளில்லாமல் சாக்கடையில்தான் சேரும். மசாலா, எண்ணெய்ப் பாக்கெட்டுக்கும் இதே முறைதான்.

17. முடி வெட்டும் கத்தரிக்கோலை முடியைத் தவிர எதற்கும் எடுக்காதீர்கள், ஒரு தடவைகூட. முடி உருண்டையானது, வழுக்கும்; விளிம்பு கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டாமல் மடக்கி இழுக்கும். வெட்டிய நுனியும் நைந்து பிளக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு முன்முடி திருத்த 5.5 அல்லது 6 இன்ச் போதும். வளையத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கி சுண்டுவிரல் வைப்பதற்கு. அதில் விரலை ஊன்றினால் கை ஆடாது. ஈர முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலேறும். அதனால் நினைத்த அளவுக்கு அரை இன்ச் கீழேயே வெட்டுங்கள். சீப்புபோல் பல் உள்ள கத்தரிக்கோல் அடர்த்தியைக் குறைப்பதற்கு; அதை நீளம் வெட்டப் பயன்படுத்த முடியாது.

18. கைக்குழந்தையின் நகத்துக்கு முனை உருண்ட சிறு கத்தரிக்கோல். குளித்தபின், நகம் மெத்தென்று உள்ளபோது, விரல்நுனிச் சதையைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்து வெட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களின் கால்நகத்தை நேராகத்தான் வெட்ட வேண்டும். வளைந்த நகக் கத்தரிக்கோலால் மூலையைத் தோண்டுவது புண்ணில் கொண்டுபோய் விடும். நகம் தடித்தோ சதைக்குள் வளர்ந்தோ இருந்தால் வீட்டில் கைவைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

19. வயதானவர்கள், படுக்கையில் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கட்டுப் பிரிக்கும் கத்தரிக்கோல் ஒன்று இருக்கட்டும். அலகு சாய்வாக வளைந்திருக்கும். கீழ் அலகின் முனையில் தட்டையான, மழுங்கிய நுனி. அதைத் தோலுக்கும் பேண்டேஜுக்கும் நடுவே நுழைத்தால் தோல் கீறாது. மருந்துக் கடைகளிலும் சர்ஜிகல் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். முதலுதவிப் பெட்டியைவிட்டு அது வெளியே வரக் கூடாது. பெரியவர்களின் தோல் காகிதம்போல் மெலிந்திருக்கும். சாதாரணக் கூர்முனைக் கத்தரிக்கோலை அங்கே நுழைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

20. செடிக்கு இரண்டு வகை கவாத்துக் கத்தரி உண்டு. ஒன்றில் இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டி நழுவும். பச்சைத் தண்டுக்கு இதுதான். இன்னொன்றில் ஒரு கூரிய அலகு கீழே உள்ள தட்டைப் பட்டையில் வந்து இறங்கும். காய்ந்த குச்சிக்கு அது. ரோஜா, செம்பருத்தியின் பச்சைக் கிளையை இரண்டாவது வகையால் வெட்டினால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் பிடிக்கும். மாடித்தோட்டத்துக்கு ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதல் வகையை வாங்குங்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்வது நம் பக்கத்து வழக்கம். அதற்கு முன்பே அலகைச் சாணை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் தடிமனுக்கு மேற்பட்ட கிளைக்கு ரம்பம்தான். நோய் தாக்கிய செடியை வெட்டியபிறகு அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். இல்லாவிட்டால் நோயை நாமே சுமந்துபோய்க் கொடுத்த மாதிரி ஆகும்.

21. தகரம், இரும்பு வலை, ஸ்டீல் கொசுவலைக்குத் தகரக் கத்தரி. அதன் கைப்பிடி நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு: மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம் வளைத்து வெட்ட. கம்பிக்குக் கட்டிங் பிளேயர். மின்சார வயரைக் கத்தரிக்கோலால் சீவும் பழக்கத்தை விடுங்கள். அலகு பள்ளம் விழுவது ஒருபக்கம், உள்ளே கம்பியிழைகள் அறுந்து இணைப்பு சூடாவது இன்னொரு பக்கம். பாக்குக்குப் பாக்குவெட்டி. அதில் மூட்டு ஒரு கோடியில், கை மறுகோடியில், பாக்கு நடுவில். கொட்டைப்பாக்கின் கடினத்துக்குக் கத்தரிக்கோல் அமைப்பு தாங்காது என்று கண்டு அமைத்த நம் ஊர்க் கருவி அது.

22. வாங்கும்போது பையில் ஒரு துண்டு மெல்லிய லைனிங் துணி எடுத்துப் போங்கள். கடைக்காரர் தாளை வெட்டிக் காட்டுவார். தாளை எதுவும் வெட்டும். உங்கள் துணியை ஒற்றையாகப் பிடித்து முனையால் மட்டும் கத்தரித்துப் பாருங்கள். முனை சுத்தமாக வெட்டினால் மீதி நன்றாகத்தான் இருக்கும். நூல் ஒன்று தொங்கினாலும் அடுத்ததைக் கேளுங்கள். திறந்து மூடும்போது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீரான சத்தம் வர வேண்டும். நடுவில் 'கறுக்' என்றால் அங்கே ஏதோ இடிக்கிறது. ரிவெட் அடித்ததைவிடத் திருகு போட்டது மேல், தளர்ந்தால் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கலாம். திருகின் இறுக்கத்தைப் பார்க்க, ஒரு கைப்பிடியைப் பிடித்து மற்றதை அகலத் திறந்து விடுங்கள். தடாலென்று மூடினால் தளர்வு, அசையாமல் நின்றால் அதிக இறுக்கம், கொஞ்சம் இறங்கி நின்றால் சரி.

23. கார்பன் ஸ்டீல் பதம் நன்றாகத் தாங்கும், துருவும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விடாது. துணி வெட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் பஞ்சுத்தூசியைத் துடைத்து, திருகில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு நாலு தடவை திறந்து மூடுங்கள். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் கறை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். அடுக்களைக் கத்தரிக்கோலுக்கு மட்டும் மெஷின் எண்ணெய் ஆகாது. அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள்.

24. உப்புத்தாளை வெட்டினால் கூர்மையாகும், அலுமினியம் ஃபாயிலை வெட்டினால் புதிதாகிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உப்புத்தாள் விளிம்பைச் சொரசொரப்பாக்கும்; சொரசொரப்பு தாளையும் கயிற்றையும் பிடித்து வெட்டுவதால் கூர்மை வந்த மாதிரி தோன்றும். ஃபாயில், விளிம்பில் மடங்கிய சிறு பிசிரைச் சற்று நேராக்கலாம், அவ்வளவுதான். துணிக் கத்தரிக்கோலில் இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுக்கலாம், பக்கத்தில் நின்று கொடுங்கள். கத்தரிக்கோல் அலகில் சரிவாக உள்ள வெளி விளிம்பைத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே உள்ள அதே சரிவில். ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத்தைச் சக்கரத்தில் வைத்தால் முதல் குறிப்பில் சொன்ன வளைவு போய்விடும். அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். இடையிடையே தண்ணீரில் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நுண்பல் அலகு, ஜிக்ஜாக், முடி வெட்டுவது ஆகிய மூன்றையும் சாதாரணச் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

25. வெறும் கத்தரிக்கோலைச் சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தால் வீட்டில் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வருகிறதோ இல்லையோ, அலகுகள் வெறுமனே உரசித் தேயும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் விரலுக்கும் ஆபத்து. அந்தப் பேச்சை வீட்டில் தொடரலாம்.

26. கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுத்தவுடன் நல்ல துணியில் வைக்காதீர்கள். முனை வளைந்திருக்கலாம், அலகு இடம் மாறியிருக்கலாம். கழிவுத் துணியில் முனைவரை வெட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். மற்றவரிடம் கொடுக்கும்போது மூடிய அலகை உங்கள் கையில் பிடித்துக் கைப்பிடியை நீட்டுங்கள். வைக்கும் இடம் ஆணியில் தொங்கலாகவோ உறையிலோ இருக்கட்டும். தையல் மெஷின் டிராயரில் பாபின், ஊசி, இன்ச் டேப்போடு புரண்டுகொண்டிருந்தால் விளிம்பு நாளுக்கு நாள் அடிபடும். விமானப் பயணம் என்றால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

27. புதிதாகக் குடித்தனம் வைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. தாளுக்கும் பார்சலுக்கும் ஒன்று, அடுக்களைக்குக் கழற்றும் வகையில் ஒன்று, நூலுக்கும் சில்லறை வேலைக்கும் 4 இன்ச் ஒன்று. தைப்பவராக இருந்தால் துணிக்கு ஒன்று. செடி இருந்தால் கவாத்துக் கத்தரி. காசைக் கூடுதலாகப் போடுவதென்றால் துணிக்கானதில் போடுங்கள். தாளுக்கானது மலிவாக இருந்தாலும் குடி முழுகிப் போகாது.

28. துணிக்கு ஆகாமல் போன கத்தரிக்கோலைத் தூக்கிப் போடாதீர்கள். சாணை பிடித்து, ரிப்பனைக் கழற்றிவிட்டுத் தாளுக்கு மாற்றுங்கள். அங்கேயும் முடியாதபோது சணல் கயிறு, சாக்கு, உரப்பை வெட்டத் தோட்டப் பக்கம் வையுங்கள். அதற்கும் ஆகாதென்றால் அலகை மூடி, முனையில் துணி சுற்றி நூலால் கட்டி, பழைய இரும்புக் கடையில் போடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் குத்தும்.